சீட்டில் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இருந்தாலும், கழுத்து நிற்காத என் பையனை, வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப்போனபோது நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஒன்பதாம் மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்குப் போனபோது எங்கள் நர்சம்மா ஊசியோடு அனுப்பிவிடவில்லை. பையனைப் பாயில் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாகத் தூக்கினார். தலை பின்னால் தொங்கியது. காதருகே கிலுகிலுப்பையை ஆட்டினார், டக்கென்று திரும்பினான். "காது நல்லா கேக்குது. கழுத்துதான் இன்னும் நிக்கல, விடக்கூடாதும்மா" என்றார். வீட்டில் 'ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் உக்காரும்' என்றார்கள். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறைதான் வரும். எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்து போயிருந்தது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்டரைப் பார்த்து, மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்கினோம். அது சுலபமாக முடிந்தது.

மையத்தில்தான் வினை. இரண்டு பஸ் மாறி, தூங்கி விழும் பிள்ளையோடு போய் வரிசையில் நின்றால், கவுன்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி நம்பரும் எழுதவில்லை. "எழுதி வாங்கிட்டு வாங்க." தாய் சேய் நல அட்டையில் அந்த நம்பர் இருக்கிறதே என்று நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட்டும் அன்றைக்கு லீவாம். அதையாவது முதலில் சொல்லியிருக்கலாம். ஆர்.பி.எஸ்.கே. 2013-இல் வந்த திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசம் என்கிறார்கள். அன்றைய கூலி போனது எங்களுக்குத்தானே?

நர்சம்மாவுக்கு என்னைவிடக் கோபம். நேராகப் போய் சீல் வாங்கி, நம்பரைத் தன் கையால் எழுதி, பிசியோதெரபிஸ்ட் இருக்கும் நாளைப் போனில் கேட்டுச் சொன்னார்.

அடுத்த முறை உள்ளே போனதும் நிலைமையே வேறு. தசை தளர்வாக இருக்கிறது என்றார்கள், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். துண்டைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுக்கவைப்பது, சுவர் மூலையில் சாய்த்து உட்காரவைத்து முன்னால் தலையணை கொடுப்பது எல்லாம் செய்து காட்டினார்கள். பால் குடித்த உடனே மட்டும் செய்யக் கூடாது. அங்கன்வாடி டீச்சரும் கற்றுக்கொண்டு, நாங்கள் போகும்போதெல்லாம் செய்யவைக்கிறார். இப்போது கழுத்து நின்றுவிட்டது. கையூன்றிக் கொஞ்ச நேரம் உட்காருகிறான்.

சீட்டு வாங்கியதும் அந்த இடத்திலேயே கையெழுத்து, சீல், பிக்மி நம்பர் மூன்றையும் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று போன் போட்டுக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

எங்கள் தெருவில் இரண்டு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை ஒன்று இருக்கிறது. அதையும் நர்சம்மாதான் மையத்துக்கு அனுப்பினார், சீட்டை நானே சரிபார்த்துக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே உள்ளே விட்டார்கள்.