கணக்கு வாத்தியார் மேடையேறிய கதை

நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதனை இன்னும் பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள். 1978இல் இங்கிலாந்தின் க்ரோலியில், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு ஆசிரியராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு நகைச்சுவை மேடைக்குப் போனார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கணக்கு ஆசிரியர் இப்படி ஒரு முடிவைச் சொன்னால் வீடு எப்படிக் கொந்தளிக்கும் என்று நமக்குத் தெரியும்! 2013இல் எடின்பரோ நகைச்சுவை விழாவில் சிறந்த புதுமுக விருதுக்குப் பரிந்துரை, 2020இல் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா.

எனக்குப் பிடித்தது அவருடைய நிதானம். முகத்தில் சிரிப்பே இராது. அலுத்துப்போன குரலில் ஒரு முறைப்பாட்டைத் தொடங்குவார். அது சுற்றிச் சுற்றி அவருடைய சோம்பலிலும் பிடிவாதத்திலும் வந்து முடியும். பிறரை மட்டந்தட்டிச் சிரிக்க வைப்பது சுலபம். இவர் முதலில் தன்னையே கூண்டில் ஏற்றுகிறார்.

2015இல் பிபிசி தொடருக்காக அவரை இலங்கைக்கு அனுப்பி வைத்ததே அவருடைய அம்மா சாந்திதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தி, கையிலிருந்த தேநீரை மறந்துவிட்டு, "இந்த அம்மா அச்சொட்டாக நம் பெரியக்காதான்" என்றார். மகனை எல்லோர் முன்னிலும் கண்டிக்கும் அந்தத் தோரணையை எந்த எழுத்தாளராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கொழும்பில் தமிழில் இப்படித் தனியாக மேடையேறும் தம்பி தங்கைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். டிக்கெட் வாங்கி, குடும்பத்தோடு வருகிறேன்.