கரையேற்றிய வள்ளத்துக்கு மரக்குதிரை

ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று சாத்து சாத்தென்று சாத்துகிற நேரத்தில் திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் வந்தால் பைபர் வள்ளங்கள் (கண்ணாடியிழைப் படகுகள்) மணலில் வரிசையாக ஏறிக் கிடப்பதைப் பார்க்கலாம். அடிப்பக்கத்துக் கீறலைச் சுரண்டி, கண்ணாடியிழை விரிப்பான மேட் வைத்து, இறுகும் பசையான ரெசின் தடவி ஒட்டுவதற்கும் அதுதான் தோதான சமயம். ஆனால் வள்ளம் எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார்த்தால் பகீரென்கிறது. ஒரு பக்கம் ஹாலோ பிளாக், இன்னொரு பக்கம் பழைய டயர், அதற்குக் கீழே ஒரு பையன் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருப்பான். ஹாலோ பிளாக்கில் ஒரு முனையில் பாரம் குவிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். மரம் பெரும்பாலும் அப்படிச் செய்யாது, நெரியும், முனகும், நாம் வெளியே வர நேரம் கொடுக்கும். அதனால்தான் எங்கள் வள்ளத்துக்கு மரக்குதிரையே, அதாவது கால் வைத்த மரத் தாங்கியே, செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரம் முழுக்க வள்ளத்தின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடுகிற ஏராவில்தான் இறங்க வேண்டும், பக்கவாட்டு முட்டுகள் வள்ளம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பைபர் தோல் மெலிசு, அதில் ஒரு கட்டை முனை அழுத்தினால் அந்த இடம் உள்ளே வளையும். வளைந்தபடியே மேல் மேட் ஒட்டி ரெசின் இறுகிவிட்டால் அந்த வளைவு நிரந்தரம். அதனால் முட்டு வைக்கிற இடம், உள்ளே குறுக்குச் சட்டம் ஓடுகிற இடத்துக்கு நேராக இருக்கட்டும். முட்டின் தலையில் அகலமான பலகை, அதன் மேல் டயர் துண்டோ மடித்த சாக்கோ போதும்.

ஏராவுக்கு மூன்று குதிரை: முன்முனையான அணியத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, எஞ்சின் தொங்குகிற பின்பலகையை ஒட்டி ஒன்று. எஞ்சினை முதலிலேயே கழற்றி இறக்கிவிடுங்கள். உபரியாக ஒரு குதிரை இருந்தால் நல்லது, கட்டை உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே கீறல் இருந்தால் பக்கத்தில் அதைச் செருகிவிட்டுப் பழையதை உருவலாம்.

மரம் எங்கே வாங்குவது என்றால், பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில். கூரை தாங்கிய பனஞ்சட்டமான பனங்கை கிடைக்கும், நல்ல வைரம், ஆனால் சிராய் கையைக் கிழிக்கும், துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும். நேராக நிற்கிற பக்க முட்டுக்கு அது போதும். குதிரைக்கு நான் வேம்பு எடுத்தேன், நாலுக்கு மூணு அங்குலச் சட்டம், மில்லிலேயே அறுத்து வாங்கியது. புதிதாக அறுத்த பச்சை மரம் வேண்டாம், காய்ந்து சுருங்கும்போது பொருத்து எல்லாம் ஆட்டம் கண்டுவிடும்.

கால்களை வெளிப்பக்கமாக விரித்து, மேல் சட்டத்தில் பள்ளம் வெட்டி, காலில் படி போல வெட்டிய தோளில் சட்டம் உட்காரும்படி பொருத்த வேண்டும். நான் போல்ட்டை மட்டும் நம்பிப் பக்கவாட்டில் பிடித்துவிடலாம் என்றபோது ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஏ தம்பி, போல்ட்டு புடிச்சிக்கிடும், சொமக்காது. சொமக்க வேண்டியது மரம்லா." அவர் சொன்னது சரி, நம் உப்புக் காற்றில் சாதாரண போல்ட்டு எத்தனை நாள் தாங்கும்? துத்தநாகம் பூசியதை வாங்கி, இரண்டு பக்கமும் அகலமான வாஷர் போட்டோம்.

மணல்தான் உண்மையான எதிரி. காலை அப்படியே ஊன்றினால் பாரம் ஏற ஏற ஒரு கால் மட்டும் இறங்கும், வள்ளம் சாயும். இரண்டிரண்டு கால்களை இணைத்து அடியில் அகலமான பலகை அடித்துவிடுங்கள், மழை பெய்த மறுநாள் கட்டாயம் பாருங்கள். உயரத்தில் சின்ன வித்தியாசம் இருந்தால் எதிரெதிராக இரண்டு ஆப்பு செருகி மெதுவாகத் தட்டினால் சரியாகிவிடும்.

பக்க முட்டுகள் தனித்தனியாக நின்றால் காற்றில் வள்ளம் அதிர அதிர வெளியே நழுவும், எதிரெதிர் முட்டுகளை ஏராவுக்கு அடியில் கயிறு விட்டு இழுத்துக் கட்டுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை ஏன் இத்தனை நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தூக்கும்போது ஒரு முனையைத் தூக்கி, கட்டை கொடுத்து, அப்புறம் மறுமுனை. ஜாக்கி வைத்தால் அதற்கடியிலும் பலகை வேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் வள்ளம் நிற்கையில் யாரும் கீழே போகக் கூடாது, அண்ணன் தம்பி என்றாலும் கையைப் பிடித்து வெளியே இழுங்கள்.

வேலை முடிந்ததும் காலடிக்குக் கழிவு ஆயில் தடவி நிழலில் அடுக்கினால் கரையான் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. பெயிண்டில் பெயரும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் அண்டா தாங்கப் போய்விடும்.