ஓட்ஸ் பெட்டியும் பூமியின் நடுவும்

புதுக்குடியிருப்பு வீட்டுக் கிணறு இறைக்கும்போது மகள் கேட்டாள்: “அப்பா, இன்னும் தோண்டிக்கொண்டே போனா என்ன வரும்?”

எனக்கு டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் ஞாபகம் வந்தார். தோண்டாமலே பூமியின் நடுவை எட்டிப்பார்த்த மனுசி. 1929இல் நியூசிலாந்து நிலநடுக்கத்தின் அலைகள் வரக்கூடாத இடங்களிலும் பதிவாகியிருந்தன. கணினி இல்லாத காலம். குறிப்புகளை ஓட்ஸ் மட்டைப்பெட்டிகளில் அடுக்கி, தோட்டத்தில் இருந்தே கணக்குப் பார்த்தாராம். பூமியின் நடுவிலுள்ள திரவக் கருவுக்குள் இன்னொரு கரு உண்டு, அதில் பட்டுத்தான் அலை திரும்புகிறது என்று 1936இல் எழுதினார். கட்டுரைத் தலைப்பு ஓர் எழுத்தும் சின்னக் கோடும்தான். (நாங்கள் கலியாணக் கார்டுக்கே எத்தனை பட்டம் போடுவோம்!) 104 வயதுவரை வாழ்ந்தார்.

“அப்ப எங்கட ஓட்ஸ் பெட்டியை எறியாதேங்கோ” என்றாள்.