பிலிப்பைன்ஸ் கால் சென்டர்களும் நூலிழையில் தவறியவர்களும்

சென்னையில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வாய்ஸ் புராசஸ் ஒன்றில் நான் பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளில், எங்களிடம் இருந்த வேலை மணிலாவுக்குப் போகிறது என்ற செய்தி அவ்வப்போது வரும். அவர்களுடைய ஆங்கிலம் அமெரிக்கக் காதுக்குப் பழகியது, அதனால்தான் போகிறது என்று மேலே இருப்பவர்கள் விளக்கம் சொல்வார்கள். 2010 வாக்கில் வாய்ஸ் வேலையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது என்று பேசப்பட்டபோதும் இதே விளக்கம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றியதே இல்லை. அமெரிக்க ஆசிரியர்கள் கூட்டமாகக் கப்பலில் வந்திறங்கி அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது 1901இல். கூலி குறைவாக இருந்ததும் புதிய செய்தி அன்று. இரண்டும் கையில் இருந்தும் 20ஆம் நூற்றாண்டு முடியும்வரை இந்தத் துறை அங்கே பெயர் சொல்லும்படி வளரவில்லை. 2024இலோ ஏறத்தாழ 18 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். ஆண்டு வருவாய் சுமார் 3,800 கோடி டாலர். வெளிநாடுகளில் உழைக்கும் அந்நாட்டு மக்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஏறக்குறைய இணையான தொகை அது.

இடையில் மாறியது என்ன? முதலில் தொலைபேசி. ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்தில் இருந்த நாட்டில் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதிபர் ஃபிடல் ராமோஸ் 1993இல் நிறுவனங்கள் தங்கள் வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். 1995இல் வந்த சட்டம் அத்துறையைப் போட்டிக்கு முழுமையாகத் திறந்துவிட்டது. சர்வதேச அழைப்பை நாள் முழுதும் தடையின்றிக் கையாளும் வசதி இல்லாத ஊரில், எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசினாலும் கால் சென்டர் நடத்த முடியாது.

அதே 1995இல் பொருளாதார மண்டலச் சட்டமும் வந்தது. அதில் கிடைத்த வரிச்சலுகையைப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள்: சில ஆண்டுகளுக்கு வருமான வரியே இல்லை, அதற்குப் பிறகு மொத்த வருமானத்தில் 5 சதவீதம் மட்டும். என் பார்வையில் அதைவிட முக்கியமானது, நகர நடுவில் இருக்கும் ஒரு கட்டடத்தையே மண்டலமாக அறிவிக்க அங்கே வழி இருந்தது என்பதுதான். வரிச்சலுகையை எந்த நாடும் கொடுத்துவிடலாம், அண்டை நாடு அதைவிடக் கூடுதலாகவும் கொடுத்துவிடலாம். ஆனால் நிலம் கையகப்படுத்தாமல், ஊருக்கு வெளியே சாலை போடாமல், ஏற்கெனவே பேருந்தும் ஜீப்னி என்ற ஷேர் வண்டியும் ஓடுகிற மகாட்டி, ஒர்டிகாஸ் போன்ற மணிலாவின் வணிகப் பகுதிகளில் சில மாதங்களில் வேலையைத் தொடங்க முடிந்தது பெரிய விஷயம். நம் நாட்டில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகள் 2006இல் வந்தபோது ஐ.டி. மண்டலத்துக்கும் குறைந்தது 10 ஹெக்டேர் நிலம் கேட்டார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது வேறொரு முடிவை. 2000களின் நடுவில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் தேடியபோதும், விண்ணப்பித்த 100 பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேர்தான் தேறினார்கள். மீதி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்லர். சிலருக்கு ஆங்கிலமே வராது. ஆனால் கணிசமானோர் இன்னும் கொஞ்சம் பயிற்சி கிடைத்திருந்தால் தேறியிருக்கக்கூடியவர்கள். குளோரியா அரோயோ அரசு 2006இல் சுமார் 50 கோடி பெசோ ஒதுக்கி, தெஸ்டா என்ற தொழிற்பயிற்சி அமைப்பின் வழியாகப் பயிற்சி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இப்படி நேர்காணலில் சற்றே பின்தங்கிய இளைஞர்களுக்கு அத்திட்டத்தின் கீழ் பயிற்சிக் கட்டணத்துக்கான சீட்டு கொடுத்தார்கள்.

நேர்காணல் அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். இலக்கணப் பிழை இல்லாமல் பேசுகிற பெண் ஒருத்தி வருவாள். கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டது என்று கோபப்படும் வாடிக்கையாளராக நான் நடித்தால், முதல் ஐந்து விநாடி அவளிடமிருந்து சத்தமே வராது. பிறகு எழுதிக்கொடுத்த வாசகத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அவளுக்கு வேண்டியது, ‘கணக்கைப் பார்க்கிறேன், ஒரு நிமிடம்’ என்று சொல்லி அந்த மௌனத்தை நிரப்பும் பழக்கமும், மறுமுனையில் இருப்பவர் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் துணிச்சலும் மட்டுமே. சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை 30 பேர் சீட்டில் உட்கார வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் அந்தச் சில வாரச் செலவை ஏற்காது. பயிற்சி முடிந்ததும் அவள் பக்கத்துக் கட்டடத்தில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் வேலைக்குப் போய்விடக்கூடும் என்பதும் அதற்குத் தெரியும். தனித்தனி நிறுவனங்கள் செலவிடத் தயங்கும் இந்த இடத்தில்தான் பொதுப்பணம் இறங்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் அதைக் கட்டடத் திறப்பு விழாக்களிலும் வெளிநாட்டுக் கண்காட்சி அரங்குகளிலும் செலவழித்துவிடுகின்றன.

அமெரிக்காவின் பகல் அங்கே இரவு என்பதால், இரவு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்கள் இரவில் வேலை செய்வதற்கு அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த தடை 2011இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை விதிவிலக்குகளைக் கொண்டே துறை ஓடியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செய்யும் வேலைக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் ஊதியம் சட்டப்படி உண்டு. ஆண்டுக்கணக்கில் பகலில் தூங்குகிற உடம்புக்கு அந்த 10 சதவீதம் ஈடாகாது என்பதை அந்த ஷிஃப்டில் இருந்தவள் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

மணிலாவுக்கு வெளியே செபு, தாவாவ், இலோயிலோ, பகோலோட் என்று துறை பரவியது மகிழ்ச்சியான செய்தி. பகோலோட் இருக்கும் நீக்ரோஸ் தீவு கரும்பை மட்டுமே நம்பியிருந்தது. 1980களில் சர்க்கரை விலை சரிந்தபோது அங்கே குழந்தைகள் பட்டினியால் வாடினார்கள். அந்த ஊரில் பட்டம் முடித்த பிள்ளைக்கு இன்று ஊரிலேயே மாதச் சம்பளம் கிடைக்கிறது.

குறை எங்கே என்றால், வாய்ஸ் வேலையில் கிடைத்த வெற்றி அதற்கு மேலான வேலைகளுக்கு அதே வேகத்தில் நகரவில்லை. மென்பொருளில் பெங்களூருக்கும் சென்னைக்கும் இணையாக மணிலா வரவில்லை. பாஸ்வேர்ட் மாற்றித் தருவது, பில் விவரம் சொல்வது போன்ற அழைப்புகளை இப்போது செயற்கை நுண்ணறிவே எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2022இல் அங்கே நடந்த பெரிய விவாதமோ, ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தால் வரிச்சலுகை உண்டா இல்லையா என்பது. 2024 நவம்பரில் வந்த சட்டம்தான் மண்டலங்களில் உள்ள நிறுவனங்களுக்கு ஊழியர்களில் பாதிப்பேர் வரை சலுகையை இழக்காமல் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தது.

நம்பிக்கை தரும் பக்கம் மருத்துவம் சார்ந்த வேலைகள். அமெரிக்கக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய மருத்துவக் குறியீடு போடுவது ஆகியவற்றில் பயிற்சி பெற்ற செவிலியர்களே அமர்கிறார்கள். அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வில் தேறியவர்களுக்குச் சம்பளமும் கூடுதல். நாட்டைவிட்டுப் போக முடியாத செவிலியருக்கு இது நல்ல வழி. ஆனால் உள்ளூர் மருத்துவமனைகளுக்கு ஆள் குறைகிறது என்ற கவலையும் இதோடு சேர்ந்தே வருகிறது. இன்று புதிதாக இத்துறையில் இறங்க நினைக்கும் நாடு, 2006இல் தொடக்க நிலை வேலைக்குக் கொடுத்த அந்தப் பயிற்சிச் சீட்டை, ஏற்கெனவே மூன்று நான்கு ஆண்டு ஹெட்செட் மாட்டிய ஏஜென்டுகள் கணக்கியலுக்கோ காப்பீட்டுப் பரிசீலனைக்கோ தரவு ஆய்வுக்கோ மாறுவதற்குக் கொடுக்க வேண்டும்; அதுவும் பகல் ஷிஃப்டில், சம்பளம் பிடிக்காமல்.