வலதுகரைக் குறிப்புகள்

மாசி 3

இவருக்குப் பக்கவாதம் வந்து, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்று நான்காம் நாள். காலையில் இவரைக் கட்டில் விளிம்பில் இருத்திவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது வலப்பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தலை முட்டியபடி இருந்தார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, தாம் சாய்ந்ததே தெரியவில்லை என்றார்.

மாசி 5

பயிற்சித் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அதிலுள்ள படங்களில் இருக்கிற மனிதனுக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன.

மாசி 7

கிளினிக் நாள். ஓட்டோவில் ஏற்றுவதற்கே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளை தாண்டும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசாமல், அறுவடை முடிந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இயன்மருத்துவப் பிரிவில் இரண்டு சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவே அவரை நிறுத்தினார்கள். பிசியோ மிஸ்ஸுக்கு எங்கள் மகளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். "ஐயா, படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். இதை மட்டும் மறக்காதேங்கோ" என்றார். இவர் குனிந்து தம்முடைய இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஒரு பக்கம் இழுத்திருந்த வாயால், "எது பிள்ளை நல்ல கால்?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை. நிலத்தில் இருந்து, இரண்டு முழங்கால்களையும் தன் உள்ளங்கையால் எதிர்த்து அழுத்தி, உதைக்கச் சொல்லிப் பார்த்தது. இடது முழங்கால் அவருடைய சொந்த முழங்கால், அதில் பலம் இருக்கிறது, அதற்குக் கீழேதான் ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால். வலது காலில் விரல் நகம் வரைக்கும் எல்லாம் இருக்கின்றன, பலம்தான் இல்லை. "இப்போதைக்கு ஐயாவுக்கு ஜெய்ப்பூர் கால்தான் நல்ல கால்" என்று மிஸ் முடிவாகச் சொன்னார்.

2010இல் இருந்து, மழைக்காலத்தில் வரம்பில் நடக்கும்போதெல்லாம், "இடக்காலைப் பார்த்து வையுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே என் நாக்குப் பழகியிருக்கிறது. இன்று வீட்டுக்குள் வரும்போதும் அதையே சொல்லிவிட்டேன். இருவருமாக இடக்காலைக் கவனித்துக்கொண்டிருக்க, வலக்காலின் பெருவிரல் வாசற்படியில் இடறி, விழப் பார்த்தார்.

மாசி 8

மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டாரா, இல்லையா?

மாசி 11

இரவு முழுவதும் இடக்கால் பாதம் கடிக்கிறது, சொறிந்துவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாதம் காட்டில் போய்ப் பதினைந்து வருடங்களாகின்றன. முன்பும் எப்போதாவது இப்படிச் சொல்வார், ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு அது அடிக்கடி வருகிறது. விடியற்காலையில் வலப் பாதத்தின் உள்ளங்காலில் துடைப்பக் குச்சியால் கீறிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்றார். இருக்கிற கால் மரத்துக் கிடக்கிறது, இல்லாத கால் கடிக்கிறது. இதை யாரிடம் சொல்லி முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாசி 14

தம்பியின் மகன் நேற்று வந்து முற்றத்தில் பனஞ்சிலாகைகளால் இரண்டு கைப்பிடிக் கம்பிகள் அமைத்துக் கொடுத்தான். உயரத்தை இவருடைய மணிக்கட்டு மட்டத்துக்குச் சரியாக அளந்துதான் நட்டான். அதோடு நிற்காமல், கிணற்றுக் கப்பியை மாமரக் கொப்பில் கட்டி, கயிற்றின் ஒரு முனையில் ஏலாத கையைக் கட்டிவிட்டு, நல்ல கையால் மறு முனையை இழுத்தால் ஏலாத கை தானாக மேலே போகும் என்று செய்தும் காட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன். அரைமணித்தியாலத்துக்குள் அவரே தொலைபேசி எடுத்து, கப்பியை உடனே அவிழ்க்கச் சொன்னார். தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைகளில் இப்போது பலமில்லை. மூட்டு ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது, கயிற்றால் தலைக்கு மேலே இழுத்தால் உள்ளே நசிந்து வலி தொடங்கிவிடும், வலி தொடங்கினால் கையை அசைக்கவே விடமாட்டார் என்று விளக்கினார். தோளெலும்பின் கீழே என் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறது.

கம்பிகளில் இடதுபக்கத்தது மட்டுமே உதவுகிறது. வலது கையால் பிடிக்க முடியாதபடியால் மற்றது சும்மா நிற்கிறது. அதன்மேல் இன்று கோழி ஏறி இருந்தது.

மாசி 17

பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு வருகிறார்கள். எண்ணெய், பத்தியம், புறா இறைச்சி. மச்சாள் ஒரு ரப்பர் பந்து கொண்டு வந்து, இதை நாள் முழுவதும் பிசைந்தால் கை வந்துவிடும் என்றா. விரல்கள் இப்போதே உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருக்கின்றன, மூடுகிற பயிற்சி வேண்டாம், விரிக்கிற பயிற்சிதான் வேண்டும் என்று மிஸ் சொன்னதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, மச்சாள் இவரை எழுப்பி இருத்துவதற்காக ஏலாத கையைப் பிடித்து இழுத்துவிட்டா. அவர் அலறினார். நான் மரியாதை மறந்து மச்சாளைப் பேசிவிட்டேன். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடுப்பையும் தோள்பட்டையையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று கரிக்கட்டியால் வாசலில் எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போய்விட்டது.

மாசி 18

எழுந்து நிற்பது பத்துத் தடவை. மாலையில் ஐந்து.

மாசி 20

நித்திரை இல்லை. வைத்தியர் அன்று என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: கடைசியாக எப்போது சுகமாக இருக்கக் கண்டீர்கள்? இரவு பதினொரு மணிக்குப் படுக்கும்போது என்று சொன்னேன். காலையில் ஐந்து மணிக்கு எழும்பும்போது வாய் கோணி, வலது கையும் காலும் துணிபோலக் கிடந்தன. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். மூளையை ஸ்கான் செய்து இரத்தக் கசிவு இல்லையென்று கண்ட பிறகு, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம். எப்போது தொடங்கியதென்று தெரியாவிட்டால் பதினொரு மணியிலிருந்துதான் எண்ணுவார்களாம். நான்கு நாட்களுக்குப் பிறகு, வார்ட்டின் வாங்கில் படுத்திருந்தபோதுதான், மூன்று மணிக்கு அவர் தண்ணீர் கேட்டது போலவும், நான் செம்பை எடுத்துக் கொடுத்தது போலவும் ஒரு நினைவு வந்தது. செம்பு கட்டிலடியில்தான் இருந்தது. ஆனால் செம்பு எப்போதும் கட்டிலடியில்தான் இருக்கும். அவரிடம் கேட்டேன், தெரியாது என்கிறார். கேட்டாரென்றால், தெளிவாகத்தான் கேட்டிருப்பார். மூன்றும் நாலரையும் ஏழரை. நாங்கள் வைத்தியசாலை வாசலில் இறங்கியபோது மணி ஆறே முக்கால். அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் எல்லாம் நடந்திருக்குமா என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

மாசி 22

இடக்காலின் மொண்டியில் கொப்புளம். படுக்கையில் உடம்பு வற்றியதால் ஜெய்ப்பூர் காலின் கிண்ணம் தளர்ந்து, உள்ளே உரசியிருக்கிறது. முன்பு இரண்டு துணி உறை போதும், இப்போது நான்கு போட்டும் ஆடுகிறது. தோல் ஆறும்வரை கால் மாட்டக் கூடாது. நல்ல காலுக்கு விடுமுறை என்றார் இவர்.

மாசி 25

நாளை சிவராத்திரி. தான்தோன்றீஸ்வரர் கோவிலுக்கு எல்லாரும் போகிறார்கள். நான் போகவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் நெல் விலை சொன்னபோது இவர் அழத் தொடங்கி, அழுகை நிற்காமல், பிறகு அதுவே சிரிப்பாக மாறியது. இது கவலையால் மட்டும் வருவதல்ல, நோயின் ஒரு பகுதி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நெல் விலையைக் கேட்டால் நோயில்லாதவனும் அழுவான் என்பது என் எண்ணம்.

பங்குனி 2

மாங்குளத்துப் புனர்வாழ்வுப் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். இடம் கிடைத்ததும் அறிவிப்பார்களாம். முதல் மூன்று மாதங்களில்தான் உடம்பு அதிகமாக மீளுமென்று மிஸ் சொல்லியிருந்ததால், நாட்காட்டியில் நோய் வந்த தை 19இலிருந்து எண்ணிப் பார்த்தேன். 42 நாட்கள் போய்விட்டன. அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல முன்னேற்றம் வரும், கதவு பூட்டிவிடாது என்றும் அவர் சொன்னார்தான்.

பங்குனி 6

இன்று கத்திவிட்டேன். கால் மாட்டுவதற்கு இரண்டு கைகள் வேண்டும். உறையைச் சுருக்கமில்லாமல் இழுக்க ஒரு கை, கிண்ணத்தைப் பிடிக்க ஒரு கை, பட்டியை இறுக்க இரண்டும். இத்தனை வருடங்களாக விடிவதற்கு முன்பே, எனக்கு முதுகைக் காட்டியபடி, தாமே மாட்டிக்கொள்வார். என்னைத் தொடவிட்டதில்லை. கொப்புளம் ஆறிவிட்டது, இப்போது நான்தான் மாட்டுகிறேன். ஒவ்வொரு நாளும் நான் முழங்காலில் நிற்கும்போது அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று பட்டி பிழையாகப் போய்விட்டது என்று காலை உதறினார், அது என் தாடையில் பட்டது. அப்போதுதான் கத்தினேன். மத்தியானம் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர் இடது கையால் கறிவேப்பிலை உருவித் தந்தார், ஒவ்வோர் இலையாக.

பங்குனி 9

மிஸ் வலப் பாதத்தை உயர்த்தச் சொல்லும்போதெல்லாம், "வலதுகரைக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை, பிள்ளை" என்பது இவருடைய பகிடி. முத்தையன்கட்டுக் குளத்தடியில் வாழ்ந்தவருக்கு இடதுகரை வாய்க்காலும் வலதுகரை வாய்க்காலும் தண்ணீர் திறக்கிற துருசும்தான் உலகம். மிஸ் வெளியூர்ப் பிள்ளை, அதனால் முதலில் விளங்கவில்லை. இன்று பெருவிரல் அசைந்தது. நான் பார்த்தேன், மிஸ்ஸும் பார்த்தார். மேலே தூக்கவில்லை, ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்து பழையபடி கிடந்தது. இவர் வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "துருசு கசிகிறது" என்றார்.

பங்குனி 10

இன்று அசையவில்லை.

பங்குனி 13

மிஸ் சொன்னபடி வலப் பாதம் தொங்காமலிருக்கக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையையும், பின்புறம் வார் உள்ள செருப்பையும் போட்டு, விறாந்தைப் படிகள் மூன்றிலும் ஏறினோம். நான் பின்னால், ஒரு படி கீழே, இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி நின்றேன். முதலில் ஜெய்ப்பூர் கால், பிறகு வலது கால். இரண்டாம் படியில் மூச்சு வாங்க நின்றார். மூன்றாம் படி ஏறியதும் ஒன்றும் சொல்லவில்லை, கதிரையைக் கேட்டார்.

அந்தக் காலை அவர் எப்போதும் "அவன்" என்றுதான் சொல்வார். அவனை எடு, அவனைக் கழுவி வை, அவன் இன்றைக்குச் சரியில்லை. இன்று மாலை கிணற்றடிக்குப் போவதற்காகக் கூப்பிட்டு, "அவரைக் கொண்டு வாரும்" என்றார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் படலையைப் பார்த்தேன்.

பங்குனி 15

மருமகன் வந்து வலதுபக்கச் சிலாகையைக் கோழிக்கூட்டுக்குக் கழற்றப் பார்த்தான். இவர் விடவில்லை. இருக்கட்டும் என்றார்.

பங்குனி 16

மாங்குளத்திலிருந்து தொலைபேசி வந்தது. நாளை மறுநாள் எட்டு மணிக்கு முன் நிற்க வேண்டும். உறைகள் நான்கையும் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். பிரசர் குளிசை, சறம் மூன்று, துவாய், கிளினிக் கொப்பி, செம்பு. மழை இருட்டுகிறது, உறை காயுமோ தெரியவில்லை.