எட்டிக்கு எத்தனை வழி?

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள மெர்க் நிறுவனம் 'காம்பவுண்ட் சேலஞ்ச்' என்றொரு சர்வதேசப் போட்டி நடத்தியது. ஒரு மூலக்கூறைக் கொடுத்துவிடுவார்கள். அதைச் செய்யும் வழியை வேதியியல் அணிகள் வகுக்க வேண்டும்.

இதே போட்டி, அறிவிப்பும் பரிசும் இல்லாமல், எட்டிக் கொட்டையின் விஷமான ஸ்ட்ரிக்னினை வைத்துப் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 21 கார்பன்தான், ஆனால் ஏழு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். 1954இல் அமெரிக்க வேதியியலாளர் உட்வர்டின் குழு அதை ஆய்வகத்தில் முதன்முதலில் செய்தபோது ஏறக்குறைய 28 படிகள். படிக்கு 80 சதவீதம் தேறினாலும் (அதுவே நல்ல விளைச்சல்!) கடைசியில் கையில் நிற்பது 0.2 சதவீதம்கூட இல்லை. உட்வர்டுக்குக் கிடைத்தது அதைவிட மிக மிகக் குறைவு.

2011இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் வாண்டர்வால் குழு நேர்வழியை ஆறே படிகளுக்குச் சுருக்கியது. எப்படி? ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் கொண்ட பிரிடின் வளையம் ஒன்றை உடைத்துத் திறந்தார்கள். வந்த சங்கிலியை மடக்கி, ஒரே வினையில் இரண்டு புதிய வளையங்களைப் பூட்டினார்கள். அபார மூளை! இடையில் சேர்க்கும் பொருள்களைத் தனியே செய்யும் கிளைப் படிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும் என்பது வேறு விஷயம்.

சரி, இத்தனை பாடுபட்டு விஷமா செய்கிறார்கள் என்றால், விஷம் யாருக்கு வேண்டும்? அதை எட்டி மரமே தருகிறது. அவர்களுக்கு வேண்டியது அந்த வழிதான்.