முட்டையும் நாலணாவும்

ரெண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அடர்த்தியை விளக்கலாம் என்று நான் புத்தகத்தை எடுத்தேன். அவள் வாளியை எடுத்தாள்.

"கனமா இருந்தா முங்கும், லேசா இருந்தா மிதக்கும்" என்பது அவள் கட்சி. யுகேஜி தம்பிக்குத் தனிக் கொள்கை கிடையாது. அக்கா எந்தக் கட்சியோ அதேதான். பரங்கிக்காயைத் தூக்கி வாளியில் விட்டேன். ஜம்மென்று மிதந்தது. ஒரே ஒரு திராட்சையைப் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கட்சி உடைந்தது.

கனம் மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு இடத்தில் அடைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு என்று நான் இழுப்பதற்குள் கமலா ஆரஞ்சு உள்ளே போயிருந்தது. தோலோடு மிதந்தது, உரித்ததும் முங்கியது. தோலுக்குள் காற்று இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். எல்லா ஆரஞ்சிலும் இருக்கிறதா என்று சோதித்தே தீருவேன் என்றாள். கூடை காலி.

அடுத்து முட்டை. சாதாத் தண்ணீரில் முங்கியது. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மெதுவாக எழும்பியது. ஈசிசேரிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "நாலணா அளவு வெளிய தெரியணும். அதுவரைக்கும் போடு."

விதைநெல் தேர்வுக்கு அதுதான் அளவாம். முட்டை அந்த அளவுக்கு மேலே வந்ததும் அதை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், திரண்ட மணி அடியில் தங்கும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசிவிட்டு விதைக்க வேண்டியதுதான். நான் ஒரு மணி நேரமாகத் திணறியதை மனுஷன் சாய்ந்தபடியே முடித்துவிட்டார்.

"நாலணான்னா என்ன தாத்தா?"

2011ல் செல்லாமல் போன காசு இவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா பெட்டியைக் குடைந்து ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் வாளிக்குள் போனது. "முங்கிடுச்சு. அப்போ இது பதர் இல்ல, நல்ல காசு" என்றாள்.

"அதை ரிசர்வ் பேங்க்ல போய்ச் சொல்லு" என்றார் அப்பா.

அம்மா சமையலறைக்குள் வந்தாள். தரையில் இடப்பக்கம் கத்தரிக்காய், பரங்கிக்காய். வலப்பக்கம் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட். உப்பு ஜாடி துடைத்து வைத்தமாதிரி இருந்தது.

"மிதக்குறதெல்லாம் இந்தப் பக்கம், பாட்டி."

அம்மா என்னைத்தான் பார்த்தாள். "கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா. இன்னைக்கு முங்குன காய் சாம்பார்."